கந்தப்பர் குலம் வினவிய காதை

கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கலங்கிய நீரால் ஒன்றையொன்று தழுவிக் கலந்தோடும் கோலாலம்பூர் நகரின் தென்பால், செங்கற்சூளைகள் முன்னாளில் வரிசைவரிசையாய் நின்று புகைந்தமையால் பிரிக்பீல்ட்ஸ் என்று ஆங்கிலேயர் பெயரிட்டு வைத்த பகுதியிலே, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்து மூன்றாம் ஆண்டின் சித்திரைத் திங்கள் மாலைப்பொழுதொன்று மெல்லச் சாய்ந்துகொண்டிருந்தது. மேற்கே திரண்ட மழைமுகில், இருப்புப்பாதைகள் பின்னிக் கிடக்கும் பெருவெளியின்மேல் ஈயநிறம் பூசி நின்றது. பெயர் வைத்த ஆங்கிலேயர் முந்தைய ஆண்டின் தொடக்கத்திலேயே மூட்டை முடிச்சைக் கட்டிக்கொண்டு ஓட்டம் பிடித்திருந்தனர். அவர்தம் இடத்தில் வந்தமர்ந்த சப்பானியரோ, ஊரையும் ஊரார் உயிரையும் கைக்கொண்டது போதாதென்று, தம் நாட்டு நேரத்தையே இந்நாட்டுக் கடிகாரங்களும் காட்டுதல் வேண்டுமென ஆணையிட்டமையால், கதிரவன் இன்னும் மறையாதிருக்கவே தொடர்வண்டி நிலையத்து மணிக்கூடு இரவாயிற்று என்று கூசாமல் பொய் சொல்லிற்று. அரிசி மறைந்துபோன அடுப்புகளில் மரவள்ளிக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது.

கற்றறிந்தீர், அந்நிலையத்துக்கு அணித்தாய்ப் பலகைவீடுகள் நிரல்பட நின்ற தெருவொன்றில் வாழ்ந்த சண்முகரத்தினம் என்பாரை உமக்கு முதற்கண் அறிமுகம் செய்தல் வேண்டும். யாழ்ப்பாணத்து வழிவந்தவர், தொடர்வண்டித் துறையில் தலைமை எழுத்தராய் நெடுங்காலம் இருந்து ஓய்ந்தவர், ஊரார் வாயில் பெரிய கிராணியார். நல்லவர்தாம், பிறர் பொருளுக்கு ஆசைப்படாதவர், பொய்ச்சான்று பகராதவர், நெற்றியில் நீறின்றி வெளியில் காலெடுத்து வையாதவர். ஆயினும் ஒரு செருக்கு அவர் தலையிலேறிச் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தது. கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் அனைத்தின் மரபும், எவர் எவ்வூரினர், எக்கப்பலில் வந்தனர், எவர் வீட்டில் பெண்கொண்டனர் என்பதெல்லாம் அவர் நெஞ்சில் இருந்தன. எவர் மனையில் சம்பந்தம் பேசினும் முதலில் இவரிடம் வந்து ஒருசொல் கேட்டுவிட்டே வெற்றிலை மாற்றுவர். இவர் தலையை ஆட்டினால் மணம். உதட்டைப் பிதுக்கினால் அவ்வளவுதான்.

இவ்வறிவு முழுவதும் அவர்தம் தந்தையார் விசுவலிங்கம் வாய்வழியே அவருக்கு வந்தது. கிள்ளானுக்கு இருப்புப்பாதை இட்ட காலத்தே வந்திறங்கிய முதல்வருள் ஒருவராகிய அப்பெரியவர், மாலைதோறும் மைந்தரை அருகிருத்தி, தேவாரம் ஓதுவிப்பதுபோல் ஊரார் மரபுகளை ஓதுவித்துப் போயினார். அவ்வோதலில் ஒரே ஓரிடம் வெற்றிடமாய் இருந்தது. சண்முகரத்தினத்தின் தாய்க்குத் தம்பி ஒருவன் இருந்தான் என்றும், மலாயாவுக்கு வரும் வழியில் நோயுற்று மாண்டு கடலில் இடப்பட்டான் என்றும், பெயரைச் சொன்னாலே தாய் அழுவாளாதலின் அப்பேச்சை எடுத்தலாகாது என்றும் தந்தையார் பெயரும் சொல்லாது ஒருமுறை கூறி முடித்துவிட்டார். எனவே சிறுவயதில் காதுகுத்து நிகழ்ந்தபோது, தாய்மாமன் மடியில் இருக்கவேண்டிய சண்முகரத்தினம் அயலார் ஒருவர் மடியில் இருந்தே காது குத்தப்பெற்றார். தாயார் அன்று சமையற்கட்டை விட்டு வெளியே வரவில்லை.

அவருக்கு ஒரே மகள், புனிதவதி. மணப்பருவம் கடந்துகொண்டிருந்த அம்மங்கையை மணந்துகொள்ள விழைந்தவன் தியாகராசா என்னும் இளைஞன். நில அளவைப் பணிமனையில் எழுத்தனாய் இருந்து, ஆட்சி மாறியதும் வேலை இழந்து, சாலாக் செலாத்தானில் துண்டு நிலத்தில் மரவள்ளி பயிரிட்டுப் பிழைத்தான். அகழ்ந்த கிழங்கில் நல்லவற்றைத் தெரிந்து இவ்வீட்டுக்குக் கொணர்ந்து கொடுப்பதும், கொடுக்கையில் உள்ளறையை நோக்காதவன்போல் நோக்குவதும், புனிதவதி கதவின் பின்னின்று சிரிப்பை அடக்குவதும் தாய் இராசேஸ்வரிக்குத் தெரிந்தே இருந்தன. தாய்க்கு அதில் மகிழ்ச்சியே. தந்தைக்கும் வெறுப்பில்லை. ஆயினும் மரபு யாதென்று கேட்டபோது அவ்விளைஞன் சொன்ன விடை அவரை இடித்து நிறுத்திற்று.

“என்ரை அப்பாவின்ரை தகப்பன் பேர் கந்தப்பர். கிள்ளானிலை தண்டவாளம் போட்ட நாளிலை வந்தவராம். அதுக்கு மேலை எனக்கு ஒண்டும் தெரியாது, ஐயா. அப்பா சொன்னதில்லை” என்றான் அவன்.

பந்திங் தோட்டமொன்றில் கிராணியாயிருந்த அவன் தந்தையும், ஆதரவற்றோர் இல்லத்தில் வளர்ந்த அவன் தாயும் ஒரே ஆண்டில் காய்ச்சலில் மாண்டனர். கேட்டறிய உற்றார் ஒருவருமில்லை. அமைதிக் காலமாயின் யாழ்ப்பாணத்துக்கு ஒரு மடல் எழுதிப்போட்டால் திங்கள் இரண்டில் ஏழு தலைமுறையும் எழுந்து வந்து நிற்கும். இப்போதோ கடல் அடைபட்டுக் கிடந்தது. சண்முகரத்தினத்துக்குத் தூக்கம் போயிற்று. தம் நெஞ்சில் இல்லாத யாழ்ப்பாணத்தான் ஒருவன் இப்பள்ளத்தாக்கில் எங்ஙனம் இருத்தல் கூடும்? செராஸ் சென்று வினவினார். சாலாக் செலாத்தான் முதியோரை வினவினார். ஒவ்வொருவரும் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, அதெல்லாம் உங்கள் ஐயாவுக்குத்தான் தெரிந்திருக்கும் என்றே கைகழுவினர். அக்கண்கள் ஏன் தாழ்ந்தன என்று அவர் ஒருகணம் நின்று எண்ணியிருக்கலாம். எண்ணவில்லை.

இந்நிலையில்தான் அவ்வூரின்மேல் பேரச்சம் ஒன்று கவிந்தது. சயாம் நாட்டுக் காட்டினூடே சப்பானியர் இடும் இருப்புப்பாதைக்கு ஆள் போதவில்லை என்றும், தெருவில் கண்டாரை வண்டியிலேற்றிக் கொண்டுபோகின்றனர் என்றும், போனவருள் ஒருவரும் மீளவில்லை என்றும் செய்தி வந்தவண்ணம் இருந்தது. தெருக்களுக்குப் பொறுப்பாகச் சப்பானியர் அமர்த்திய வட்டாரத் தலைவர் ஒருவர், பழைய நட்பை எண்ணி, இராசேஸ்வரியிடம் கமுக்கமாய் ஒன்று சொல்லிப்போனார்: வேலையற்ற தனியாட்களை முதலில் எடுப்பர், மனைவியுள்ளவரை இப்போதைக்கு விட்டுவைப்பர், உங்கள் வீட்டுக்கு வருகிற அந்தத் தம்பிக்கு நாள் நெருங்குகிறது.

இராசேஸ்வரி அன்றுவரை கணவர் சொல்லுக்கு எதிர்ச்சொல் ஆடி அறியாதவள். அம்மாலை ஆடினாள்.

“இஞ்சருங்கோ, நாளைக்கே கோயிலிலை தாலியைக் கட்டி வைப்பம். பொன்னுருக்கு, கூறைச்சேலை எல்லாம் பிறகு பாக்கலாம். விசாரிக்கிறதையும் பிறகு விசாரியுங்கோ. அந்தப் பிள்ளையைக் கொண்டு போட்டாங்கள் எண்டால் எங்கடை பிள்ளையின்ரை முகத்திலை எப்பிடி முழிக்கிறது?”

“கட்டின பிறகு விசாரிச்சு என்ன செய்யிறது? ஊர் எல்லாம் என்னட்டைக் கேட்டுச் செய்யுது. நான் ஆரெண்டு தெரியாத ஒருத்தருக்குப் பெண்ணைக் குடுத்தால் நாளைக்கு ஆர் என்னை மதிப்பினம்?” என்றார் அவர். “கிள்ளானிலை ஒரு பழைய ஆள் இருக்கிறாராம். வெள்ளிக்கிழமை போட்டு வாறன். அதுவரைக்கும் தம்பி என்ரை படலைக்குள்ளை வரப்படாது. வந்தால் நான் சரியெண்டு சொன்னமாதிரி ஆகிப்போடும்.”

படலை என்பது வேலிவாயில். சம்பந்தம் முடியாமுன் பெண்வீட்டு வேலிவாயிலைக் கடத்தல் இசைவுக்கு அடையாளம் என்பது அவர்தம் வழக்கம். அக்கட்டளையைத் தியாகராசாவுக்குச் சொல்லியனுப்பினர். அவன் சினக்கவில்லை, மாமா சொன்னால் சரிதான், வெள்ளி மாலை வந்து வெளியே நின்று கேட்டுக்கொள்கிறேன் என்று மறுமொழி விடுத்தான். உறுதியாகாத உறவுக்கும் அவன் மாமா என்று பெயர் வைத்துவிட்டதைக் கேட்டுப் புனிதவதி அகமகிழ்ந்தாள். பின்னர் அஞ்சி அழுதாள்.

வெள்ளி காலை, கிள்ளானுக்குச் செல்லும் ஒரே வண்டியில் சண்முகரத்தினம் ஏறினார். காலையில் போகும் அவ்வண்டி மாலையில் திரும்பும். அதை விட்டால் மறுநாள்தான். வழியெங்கும் இரப்பர்மரங்கள் பால்வெட்டுவாரின்றி நின்றன. தோட்டக் குடியிருப்புகளின் வாயில்களில் பெண்களும் முதியோருமே தென்பட்டனர். கிள்ளானில் ஆற்றங்கரையை ஒட்டிய பழைய தெருவில், ஒருகாலத்தில் உண்டிச்சாலையாய் இருந்து இப்போது வெற்றிலையும் பீடியும் மட்டுமே விற்கும் கடையில், பீர் முகம்மது என்னும் முதியவர் இருந்தார். கடல்கடந்து வந்த தமிழ் முசுலிம் வணிகர் குடியினர். வந்தவரை வரவேற்று, சோளத்தைக் கருக வறுத்திடித்த கறுப்புநீரைக் காப்பி என்று சொல்லிக் கொடுத்து, வந்த நோக்கத்தைக் கேட்டார். கந்தப்பர் என்ற பெயர் காதில் விழுந்ததும் முதியவர் முகம் மலர்ந்தது.

“அவர மறப்பேனா கிராணியாரே? தெனமும் எங்க வாப்பா கடையிலதான் பசியாறுவாரு. நான் அப்ப எச்சி எல எடுக்குற பொடியன். என்னையும் பேர் சொல்லிக் கூப்புடுவாரு.”

அவர் மேலும் உரைத்ததன் சாரம் இது. கந்தப்பர் இருப்புப்பாதைப் பணியில் எழுத்தர். தாய்தந்தையரைக் கப்பலிலேயே பறிகொடுத்துவிட்டுத் தமிழகத்திலிருந்து வந்திறங்கிய சீதாலெட்சுமி என்னும் பெண், அப்பாதையில் கல் சுமந்தாள். அவள்பால் இரக்கங்கொண்டு, இரக்கம் அன்பாய் முதிர, ஊரறியத் தாலிகட்டி மனைக்கு அழைத்துவந்தார் கந்தப்பர். ஊர் கொதித்தது.

“சும்மா சேத்துக்கிட்டிருந்தா கண்டுக்காம விட்டிருப்பாங்க. கட்டிக்கிட்டாரு பாருங்க, அதத்தான் பொறுக்கல. உங்க ஊர்க்காரங்க எங்க கடை மாடியிலதான் கூடுனாங்க. அவரு வீட்டுல இனிமே யாரும் கை நனைக்கக்கூடாது, அவரு பேரையே யாரும் சொல்லக்கூடாதுன்னு முடிவு. முடிவு சொன்னவரு உங்க தகப்பனாருதான்.” முதியவர் சற்றுத் தயங்கினார். “சொந்த மச்சினனப் போயி அப்படித் தள்ளிவச்சாரேன்னு எங்க வாப்பா கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருப்பாரு.”

“மச்சினனோ?” என்றார் சண்முகரத்தினம்.

“உங்கம்மாவுக்குக் கூடப்பொறந்த தம்பிங்க அவரு. உங்களுக்குத் தெரியாதா? உங்களயும் இடுப்புல தூக்கிக்கிட்டு எங்க கடப் பின்வாசல் வழியா வந்து, தம்பியப் பாத்து அழுதுட்டுப் போவாங்க. நான்தான் கதவத் தொறந்து விடுவேன்.”

கடலில் போனதாகச் சொன்ன மாமன் கடலில் போகவில்லை. கிள்ளானில் வாழ்ந்து, கிள்ளானில் பிள்ளை பெற்று, அடுத்த தெருவில் தமக்கை இருக்க, அநாதைபோல் இறந்தார். ஊரார் அனைவர் மரபையும் ஓதுவித்த தந்தையார், தம் வீட்டு மரபில் ஒரு மனிதரை உயிரோடு கிழித்தெறிந்துவிட்டு, அக்கிழிசலுக்குக் கடல் என்று பெயரிட்டிருந்தார். அதுவன்றிச் சண்முகரத்தினத்தின் மாமன் வழிப் பேரன் தியாகராசா. எனவே புனிதவதிக்கு அவன் மச்சான், முறைமாப்பிள்ளை. உலகில் எவனுக்கேனும் அவளைக் கேட்கும் உரிமை உண்டெனில் அவனுக்கே முதலுரிமை. யாழ்ப்பாணத்து வழக்கப்படி வினவவே வேண்டாத ஒருவனைக் குறித்துத்தான் அம்மனிதர் ஊரூராய் வினவித் திரிந்தார். இதை எழுதுகையில் எனக்கே நெஞ்சு எரிகிறது.

அக்கணமே எழுந்து நிலையத்துக்கு ஓடியிருந்தால் இக்காதை மங்கலமாய் முடிந்திருக்கும். மாலை வண்டிக்கு நேரமும் இருந்தது. ஆயின் அவர் ஓடவில்லை. ஆற்றங்கரைக்குப் போய் அமர்ந்தார். மாமன் பேரன் என்ற மகிழ்ச்சி ஒருபுறம் பொங்க, கல்சுமந்த சீதாலெட்சுமியின் குருதி தம் பேரப்பிள்ளைகளில் ஓடுமே என்ற எண்ணம் மறுபுறம் குத்திற்று. எவரும் அறியார், மறைத்துவிடலாம் என்று எண்ணினார். மறைத்தலில் தந்தையாரை மிஞ்சிய மைந்தர்! பீர் முகம்மது வாய் திறந்தால் என் செய்வது என்று அஞ்சினார். தாயார் அந்தப் பின்வாசலில் நின்ற காட்சி நினைவுக்கு வர, கண்ணீர் உகுத்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மீண்டும் குலத்தை நிறுத்துப் பார்த்தார். அங்ஙனம் அவர் நிறுத்துக்கொண்டிருந்தபோதே வண்டி ஊதிவிட்டுப் போய்விட்டது.

அவ்விரவைப் பீர் முகம்மதுவின் கடையிலேயே கழித்தார். விடியுமுன் அவர் மனம் தெளிந்துவிட்டது. அதனை அவருக்குச் சார்பாக ஒப்புக்கொள்ளவேண்டும். மாமன் வழியை வீட்டுக்குள் மீண்டும் அழைப்பேன், சீதாலெட்சுமியை என் மாமி என்று ஊரறியச் சொல்வேன் என்று உறுதி பூண்டார். முதியவர் கையால் வெற்றிலையும் பாக்கும் வாங்கி, பிரிக்பீல்ட்ஸ் செல்லும் சுமையுந்து ஒன்றில் இடங்கேட்டு ஏறி, இளைஞர்போல் துள்ளிய உள்ளத்தோடு நண்பகலுக்கு முன்னரே தம் தெருவை அடைந்தார்.

தெரு அடங்கிக் கிடந்தது. வேலிவாயில் ஒருபக்கமாய்ச் சாய்ந்து தொங்கிற்று. அதனடியில் மரவள்ளிக்கிழங்குகள் மிதிபட்டுச் சிதறியிருந்தன. இராசேஸ்வரி வெளியே வரவில்லை. புனிதவதி மட்டும் படியில் அமர்ந்திருந்தாள். அழுதிருந்த முகம், இப்போது அழுகை நின்றிருந்தது.

“நேற்றுப் பின்னேரம் வந்தவர்” என்றாள் அவள். “படலையடியிலை நிண்டவர். கிள்ளான் வண்டி வந்திட்டுது, உங்களைக் காணேல்லை. லொறியிலை ஆக்களை ஏத்துறாங்கள், உள்ளுக்கை வாங்கோ தம்பி எண்டு அம்மா கும்பிட்டுக் கூப்பிட்டவ. மாமா வந்து சொல்லாமல் வரமாட்டன், அவருக்குக் குறையாப் போடும் எண்டிட்டார். அதிலை நிண்டமாதிரியே பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்.”

வெற்றிலைப் பொதி கையில் இருக்க அவர் நின்றார். சொல்லத் தகாத நேரத்தில், வேறு சொல் வாய்க்கு வாராமையால், தாம் அறிந்துவந்ததைச் சொன்னார்.

“அவர் எங்கடை ஆள், பிள்ளை. என்ரை மாமான்ரை பேரன். உனக்கு மச்சான் முறை.”

“எப்ப தெரிஞ்சது?”

“நேற்று மத்தியானம்.”

“அப்ப ஏன் நேற்றே வரேல்லை, அப்பா?”

அவரிடம் விடை இருந்தது. அதைச் சொல்லும் துணிவு இல்லை. அவள் எழுந்து உள்ளே போயினாள். அதன்பின் அவ்வினாவை அவள் ஒருபோதும் எழுப்பவில்லை. எழுப்பியிருந்தால் அவருக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்.

சண்முகரத்தினம் வட்டாரத் தலைவரின் காலில் விழுந்தார். தம் மாமன் பேரன், தம் மகளுக்கு உரியவன் என்று, அறிந்த மரபையெல்லாம் சப்பானிய அலுவலரிடம் மொழிபெயர்ப்பாளர் வாயிலாக அடுக்கினார். சண்முகரத்தினம் ஓதிய மரபைக் கேட்டுக் கொட்டாவி விட்ட முதல் மனிதர் அந்த அலுவலரே. வண்டிகள் வடக்கே போய்விட்டன என்றார், அடுத்தவரைக் கூப்பிட்டார். வைகாசியில் பல வீடுகளில் அவசரம் அவசரமாய்த் தாலி கட்டினர். மரபு கேட்டு எவரும் இவர் வாயிலுக்கு வரவில்லை. வந்தவர் ஓரிருவரையும் எனக்கு ஒன்றும் தெரியாது என்று திருப்பியனுப்பினார்.

ஆண்டுகள் இரண்டு ஊர்ந்தன. பசியும் நோயும் தத்தம் பங்கை எடுத்துக்கொண்டன. வானூர்திகள் வந்து பணிமனைகள்மேல் குண்டு பொழிந்தன. பின் ஒருநாள் சப்பானியர் தோற்றனர் என்றனர். நாற்பத்தைந்தாம் ஆண்டு முடியும் தறுவாயில், சயாமுக்குப் போனவருள் எஞ்சியோர் எலும்பும் தோலுமாய் வந்திறங்கலாயினர். அவருள் ஒருவன், பந்திங் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி பக்கிரிசாமி என்பான், காலிற் புண்ணோடு கோலூன்றி, விசாரித்து விசாரித்து இவ்வீட்டு வாயிலுக்கு வந்துசேர்ந்தான். சண்முகரத்தினம் தாமே எழுந்துபோய் அவனை உள்ளே அழைத்து அமரச் செய்தார். புனிதவதி நீர் கொணர்ந்தாள்.

கொட்டகையில் இருவரும் அருகருகே கிடந்தனராம். மழைக்காலத்தில் வாந்திபேதி கண்டதாம். தியாகராசா நான்கு நாளும் நினைவோடிருந்தே போனானாம். இவற்றைத் தரையை நோக்கியே சொல்லி முடித்த பக்கிரிசாமி, போக எழுந்தவன், தயங்கி நின்றான்.

“ஒண்ணு கேக்கணுங்கய்யா. மாமா கிள்ளானுக்குப் போயிருக்காரு, நல்ல பதிலோட வருவாருன்னு தெனமும் சொல்லுவாரு. கடைசியாவும் அதத்தான் பேசுனாரு. எனக்கும் மனசுலயே நிக்குது. போயிட்டு வந்து என்னங்கய்யா சொன்னீங்க?”

தந்தையின் முகத்தைப் புனிதவதி நெடுநேரம் நோக்கினாள். பின்னர் வந்தவன்பால் திரும்பினாள்.

“ஓம் எண்டு சொன்னவர்” என்றாள்.

நல்லதுங்கம்மா, அவர் நம்புனது வீண்போகல என்று கூறி, ஏதோ பெருஞ்சுமையை இறக்கிவைத்தவனாய்ப் பக்கிரிசாமி கோலூன்றிப் போயினான்.

அதன்பின் சண்முகரத்தினம் பலகாலம் வாழ்ந்தார்; இராசேஸ்வரி அத்துணைக் காலம் இருந்திலள். புனிதவதிக்குப் பின்னும் சில இடங்கள் வந்தன. அவள் எவரையும் மணந்திலள். தந்தைக்கு வேளைதவறாமல் உணவிட்டாள், மருந்து கொடுத்தாள், வேறொன்றும் பேசிலள். இருப்போர்க்கு உரிய உறவை அவர்க்குச் சொல்லாது மறைத்தலும் கொலையுள் ஒருவகையே ஆகும். அதனைக் கிள்ளானில் ஒரு கடைமாடியில் தந்தையார் தொடங்கினார். ஆற்றங்கரையில் அமர்ந்திருந்து மைந்தர் முடித்துவைத்தார்.